சித்தூர், திருப்பதியில் கண்புரை: மருத்துவமனை அருகில் இருந்தும் பார்வை தொலைவில் நிற்பது ஏன்?

திருப்பதி: ஆந்திரப் பிரதேசத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியுள்ள சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் கண்புரை அறுவை சிகிச்சைக்கான வசதிகள் முன்பு எப்போதும் இல்லாத அளவுக்குப் பெருகியுள்ளன. திருப்பதியில் அரசு மருத்துவக் கல்லூரியும் அதனுடன் இணைந்த மருத்துவமனையும் உள்ளன. அதே நகரில் தனியாக ஒரு பெரிய கண் மருத்துவமனையும் செயல்படுகிறது. எல்லையைக் கடந்தால் வேலூர். அறுவை சிகிச்சை பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஏழைகளுக்குக் கட்டணமின்றிச் செய்யும் வழிகளும் உள்ளன.

இவ்வளவு இருந்தும், நாட்டில் 50 வயதைக் கடந்தவர்களின் பார்வையிழப்புக்கு முதற்காரணமாக நீடிப்பது சிகிச்சை பெறாத கண்புரைதான். முற்றிலும் சரிசெய்யக்கூடிய ஒரு குறைபாடு இத்தனை பேரை இருளில் வைத்திருப்பதற்கான காரணத்தை அறுவை அரங்குக்கு வெளியே தேட வேண்டியிருக்கிறது. அரங்குக்கு வந்து சேரும் வழியிலும், வீடு திரும்பிய பிறகு கழியும் வாரங்களிலும் அந்தக் காரணங்கள் கிடக்கின்றன.

கணக்கெடுப்பு காட்டும் படம்

மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக 2015 முதல் 2019 வரை நடத்தப்பட்ட தேசிய பார்வையிழப்பு ஆய்வு, 31 மாவட்டங்களில் 50 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களைப் பரிசோதித்தது. அவர்களில் 1.99 சதவீதம் பேர் பார்வையிழந்தவர்கள் எனக் கண்டறியப்பட்டது. இங்கு பார்வையிழப்பு என்பது, நல்ல பார்வை உள்ளவர் 60 மீட்டர் தொலைவில் காண்பதை, மேம்பட்ட கண்ணால்கூட 3 மீட்டர் தொலைவில் காண முடியாத நிலையாகும்.

அந்தப் பார்வையிழப்பில் 66.2 சதவீதத்துக்குச் சிகிச்சை பெறாத கண்புரையே காரணம் என்று ஆய்வு கூறியது. மேலும் 7.2 சதவீதத்துக்குக் கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட சிக்கல்கள் காரணம். முதல் எண், மருத்துவமனைக்கு வராதவர்களைப் பற்றியது. இரண்டாவது எண், வந்து சிகிச்சை பெற்றும் பார்வை கிடைக்காதவர்களைப் பற்றியது. கண்புரை குறித்த எந்தத் திட்டமும் இந்த இரு எண்களுக்கும் ஒருசேரப் பதில் சொல்ல வேண்டும்.

பாதிக்கப்படுபவர்கள் யார் என்பதையும் ஆய்வு தெளிவாக்கியது. ஆண்களில் 1.67 சதவீதமாக இருந்த பார்வையிழப்பு, பெண்களில் 2.31 சதவீதமாக இருந்தது. எழுத்தறிவு இல்லாதவர்களிடையே 3.23 சதவீதம், பத்தாம் வகுப்பும் அதற்கு மேலும் படித்தவர்களிடையே 0.43 சதவீதம். நகரத்துக்கும் கிராமத்துக்கும் இடையே இருந்த வேறுபாட்டைவிட, படித்தவருக்கும் படிக்காதவருக்கும் இடையே இருந்த வேறுபாடு பல மடங்கு பெரிது.

ஒருங்கிணைந்த ஆந்திராவுக்கு இந்தப் படம் புதிதல்ல. 1996 முதல் 2000 வரை ஐதராபாத் எல்.வி.பிரசாத் கண் மருத்துவ நிறுவனம் 10,293 பேரைப் பரிசோதித்து நடத்திய ஆந்திரப் பிரதேச கண் நோய் ஆய்வு, மக்கள்தொகையில் 1.84 சதவீதம் பேர் பார்வையிழந்தவர்கள் என்று கண்டது. அதில் 44 சதவீதத்துக்குக் கண்புரை காரணமாக இருந்தது. இரு ஆய்வுகளும் வெவ்வேறு வயதினரையும் வெவ்வேறு அளவுகோல்களையும் கொண்டவை என்பதால் எண்களை நேருக்கு நேர் ஒப்பிட இயலாது. ஆயினும் முதலிடத்தில் இருக்கும் நோய் மாறவில்லை.

கண்ணுக்குள் நடப்பது என்ன?

கண்மணிக்குப் பின்னால் இருக்கும் இயற்கை லென்ஸ், பெரும்பகுதி நீராலும் ஒழுங்காக அடுக்கப்பட்ட புரதங்களாலும் ஆனது. அந்த ஒழுங்குதான் அதைத் தெளிந்த கண்ணாடிபோல் வைத்திருக்கிறது. வயது ஏற ஏற இந்தப் புரதங்கள் சிதைந்து ஒன்றோடொன்று திரண்டுவிடுகின்றன. ஒளி நேராக விழித்திரையைச் சென்றடையாமல் சிதறுகிறது. தமிழில் புரை என்றும் தெலுங்கில் சுக்லம் என்றும் அழைக்கப்படும் நிலை இதுவே.

பார்வை மெதுவாக மங்கும், வலி இருக்காது. எதிரே வரும் வாகனத்தின் விளக்கு கூசும். நிறங்கள் மஞ்சள் படிந்து தெரியும். கண்ணாடியின் பவர் அடிக்கடி மாறும். சிலருக்குத் தொடக்கத்தில் கிட்டப்பார்வை மேம்பட்டதுபோல் தோன்றி, கண்ணாடி இல்லாமலே படிக்க முடியும். கண் தெளிந்துவிட்டது என்று அவர்கள் மகிழும் காலத்தில், உள்ளே புரை வளர்ந்துகொண்டிருக்கும்.

முதுமையே முதன்மைக் காரணம். நீரிழிவு நோய், புகையிலைப் பழக்கம், ஸ்டீராய்டு மருந்துகளின் நீண்டகாலப் பயன்பாடு, கண்ணில் பட்ட காயம், கடும் வெயில் ஆகியவை அதை விரைவுபடுத்துகின்றன. விறகடுப்புப் புகைக்கும் கண்புரைக்கும் உள்ள தொடர்பையும் இந்திய ஆய்வுகள் சுட்டிக்காட்டியுள்ளன. மாந்தோப்பிலும் நிலக்கடலை வயலிலும் வெயிலில் உழைக்கும் ராயலசீமை மக்களிடம் இவற்றில் பல ஒன்றாகச் சேர்வது உண்டு.

முற்றிய கண்புரையை அகற்றும் மருந்தோ சொட்டு மருந்தோ இல்லை. மங்கிய லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் பொருத்துவது ஒன்றே வழி.

இங்கு ஒரு குழப்பத்தையும் நீக்க வேண்டியுள்ளது. கண்ணப்ப நாயனார் தம் கண்ணை இறைவனுக்கு அளித்த தலமாகப் போற்றப்படும் ஸ்ரீகாளஹஸ்தி, இன்று திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. கண் தானம் குறித்த பேச்சில் அந்த வரலாறு நினைவுகூரப்படுவது இயல்பு. ஆனால் கண்புரை நோயாளிக்கு இன்னொருவரின் கண் தேவையில்லை. தானமாகப் பெறப்படும் கருவிழி, கண்ணின் முன்புறப் படலம் பழுதடைந்தவர்களுக்குப் பயன்படுகிறது. கண்புரைக்கு வேண்டியது தொழிற்சாலையில் செய்யப்படும் சிறு லென்ஸ் மட்டுமே.

விலை குறைந்த கதை

அந்தச் சிறு லென்ஸின் வரலாறு லண்டனில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போரின்போது போர் விமானங்களின் கூண்டுக் கூரை நொறுங்கி, அதன் பிளாஸ்டிக் துண்டுகள் விமானிகளின் கண்ணுக்குள் சிக்கின. அவற்றைக் கண் எதிர்க்காமல் ஏற்றுக்கொள்வதை ஹரோல்ட் ரிட்லி என்ற மருத்துவர் கவனித்தார். அதே வகைப் பொருளால் லென்ஸ் செய்து, 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதன்முறையாக ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார். 1967இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் கெல்மன், பல் மருத்துவர்களின் மீயொலிக் கருவியைக் கண்டு, லென்ஸை உள்ளேயே உடைத்து உறிஞ்சி எடுக்கும் பாகோ முறையை உருவாக்கினார்.

இவை ஏழை நாடுகளின் கிராமங்களை எட்டுவதற்கு மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. அதுவரை லென்ஸை அகற்றிவிட்டு, தடித்த கண்ணாடி கொடுத்து அனுப்புவதே வழக்கம். கண்ணாடி உடைந்தால் பார்வையும் போயிற்று. செயற்கை லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்ததால், அதன் விலை சாதாரண மக்களுக்கு எட்டாததாக இருந்தது.

அந்த நிலையை மாற்றியதில் மதுரைக்குப் பெரும்பங்கு உண்டு. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற மருத்துவர் கோ.வெங்கடசாமி, 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணம் செலுத்துபவர்களின் வருவாயைக் கொண்டு மற்றவர்களுக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை அளிக்கும் முறை அங்கு வேரூன்றியது. 1992இல் தொடங்கப்பட்ட ஆரோலேப் நிறுவனம் செயற்கை லென்ஸை உள்நாட்டிலேயே தயாரித்து, அதன் விலையை 10 டாலர் அளவுக்கும் பின்னர் அதற்குக் கீழும் கொண்டுவந்தது. பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டமும் அதே 1976இல்தான் தொடங்கியது. 1994இல் உலக வங்கிக் கடனுதவியுடன் தொடங்கிய கண்புரைத் திட்டம் ஆந்திரா, தமிழ்நாடு உள்ளிட்ட 7 மாநிலங்களில் நடைபெற்றது.

விலை உயர்ந்த இயந்திரம் இருந்தால்தான் நல்ல பார்வை கிடைக்கும் என்ற எண்ணமும் முழு உண்மையன்று. தையலில்லாத சிறு கீறல் வழியாகக் கையாலேயே லென்ஸை எடுக்கும் முறையையும் பாகோ முறையையும் ஒப்பிட்டு நேபாளத்தில் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. 108 நோயாளிகள் பங்கேற்ற அந்த ஆய்வின் முடிவு 2007இல் வெளியானது. ஆறு மாதங்களுக்குப் பின், கண்ணாடி அணிந்த நிலையில், இரு முறைகளிலும் 98 சதவீதம் பேர் நல்ல பார்வை பெற்றிருந்தனர். கையால் செய்யும் முறைக்கு நேரமும் செலவும் குறைவாக இருந்தன.

இந்த மதுரை முறைதான் 2019இல் திருப்பதியை எட்டியது. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் நிலத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை அங்கு செயல்படத் தொடங்கியது. ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரி, ரூயா அரசு பொது மருத்துவமனை, ஸ்விம்ஸ் ஆகியவை ஏற்கெனவே இருந்த நகரில், கண் சிகிச்சைக்கென்றே ஒரு பெரிய நிறுவனம் சேர்ந்தது.

இரண்டான மாவட்டம், குறையாத தூரம்

2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திர மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டன. பழைய சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி, ஸ்ரீகாளஹஸ்தி, சத்தியவேடு, சந்திரகிரி ஆகிய பகுதிகளும், நெல்லூர் மாவட்டத்தின் சில பகுதிகளும் இணைந்து திருப்பதி மாவட்டம் உருவானது. மேற்சொன்ன பெரிய மருத்துவ நிறுவனங்கள் அனைத்தும் புதிய மாவட்டத்தின் பக்கம் சென்றன. சித்தூர் மாவட்டத்திலும் தலைநகரில் அரசு மருத்துவமனையும் குப்பத்தில் தனியார் மருத்துவக் கல்லூரியும் உள்ளன. ஆனாலும் கண் சிகிச்சையின் மையம் திருப்பதி நகரமே.

சித்தூர் நகரிலிருந்து திருப்பதி ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவில் உள்ளது. வேலூர் அதில் ஏறத்தாழ பாதித் தூரமே. எனவே சித்தூர்க்காரர்கள் வேலூர் சி.எம்.சி.யின் ஷெல் கண் மருத்துவமனையை நாடுவது தலைமுறைகளாகத் தொடரும் வழக்கம். மூன்று மாநிலங்கள் சந்திக்கும் முனையில் உள்ள குப்பம், சித்தூரிலிருந்தே 100 கி.மீ.க்கு அப்பால் இருக்கிறது. அங்குள்ளவர்களுக்குப் பெங்களூரு ரயில்தான் கைக்கெட்டும் வழி. மறுபுறம், திருத்தணி வட்டாரத் தமிழ்நாட்டு மக்களுக்குத் திருப்பதி அருகில் உள்ளது. நோயாளியின் கால்கள் மாநில எல்லையைப் பார்ப்பதில்லை.

காப்பீட்டு அட்டை மட்டும் எல்லையைப் பார்க்கிறது. தமிழ்நாடு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கானது. ஆந்திராவின் டாக்டர் என்.டி.ஆர். வைத்திய சேவை ஆந்திரக் குடும்பங்களுக்கானது. 70 வயதைக் கடந்த அனைவருக்கும் வருமான வரம்பின்றி ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை என்று 2024 அக்டோபரில் விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டம் நாடு முழுவதற்கும் பொதுவானது. ஆனால் அதுவும் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் மட்டுமே செல்லும். எந்த ஊரில் எந்த அட்டை ஏற்கப்படும் என்பதைப் பயணத்துக்கு முன்பே தெரிந்துகொள்ளாத முதியவர், கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் இழந்து வெறுங்கையுடன் திரும்ப நேரிடும். எல்லையோரம் வாழும் தமிழ் பேசும் குடும்பங்களுக்கு, விண்ணப்பமும் அறிவுரைச் சீட்டும் தெலுங்கில் மட்டும் இருந்தால், அது மேலும் ஒரு தடையாகிறது.

வீட்டுக்குள் இருக்கும் தடைகள்

இலவச அறுவை சிகிச்சை என்றாலும் நோயாளிக்குச் செலவில்லை என்று பொருளாகாது. மங்கிய பார்வையுடன் ஒருவர் தனியாகப் பேருந்தில் செல்ல இயலாது. துணைக்கு வருபவர் ஒரு நாள் கூலியை விட வேண்டும். பரிசோதனைக்கு ஒருமுறை, அறுவை சிகிச்சைக்கு ஒருமுறை, பின்தொடர் பரிசோதனைக்கு ஒன்றிரண்டு முறை எனப் பயணங்கள் கூடுகின்றன. மாடு வைத்திருக்கும் வீட்டில் பால் கறக்க ஆள் தேட வேண்டும். பிள்ளைகள் பெங்களூருக்கும் சென்னைக்கும் பிழைப்புத் தேடிச் சென்றுவிட்ட வீடுகளில், துணைக்கு வர யாருமே இருப்பதில்லை.

பெண்களின் நிலை இதிலும் கடினமானது. வளரும் நாடுகள் பலவற்றில் நடந்த ஆய்வுகள், ஆண்களைவிடப் பெண்களுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை கிடைப்பது குறைவு என்றே காட்டுகின்றன. அவர்களுக்குக் கையில் பணம் குறைவு. பயணம் செய்யும் முடிவும் பெரும்பாலும் அவர்களுடையது அல்ல. ‘அடுப்படிக்கும் வாசலுக்கும் நடக்கத் தெரிந்தால் போதாதா’ என்ற எண்ணம் வீட்டாரிடம் மட்டுமின்றி அந்தப் பெண்களிடமும் ஊறியிருக்கிறது. கணவனை இழந்து தனித்து வாழும் மூதாட்டிகள் இந்த வரிசையின் கடைசியில் நிற்கிறார்கள்.

‘புரை நன்றாக முற்றட்டும், பிறகு பார்க்கலாம்’ என்ற பழைய வழக்கும் இன்னும் மறையவில்லை. முன்பு லென்ஸை முழுதாக எடுத்த காலத்தில் அந்த அறிவுரைக்கு ஒரு பொருள் இருந்தது. இப்போது அன்றாட வேலைக்குப் பார்வை தடையாகும்போதே சிகிச்சை செய்துகொள்ளலாம். அளவுக்கு மீறி முற்றிய புரை கல்போல் இறுகி, அறுவை சிகிச்சையைக் கடினமாக்குகிறது. சிலருக்கு அது கண்ணின் அழுத்தத்தை உயர்த்தி, நரம்பையே பாதிக்கும். நரம்பு போனால் பார்வை திரும்பாது. காத்திருப்பதால் கிடைக்கும் நன்மை எதுவும் இல்லை.

ஒரு கண் தெரிந்தவுடன் மறு கண்ணை மறந்துவிடுவதும் பரவலாகக் காணப்படுகிறது. தொலைவை மதிப்பிடவும் படியில் தடுமாறாமல் இறங்கவும் இரு கண்களும் வேண்டும். முதுமையில் ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அதன் செலவு பல அறுவை சிகிச்சைகளின் செலவைத் தாண்டிவிடும்.

இலக்கைத் தாண்டிய எண்ணிக்கை

கொரோனா காலத்தில் கண் அறுவை சிகிச்சைகள் நாடு முழுவதும் முடங்கின. தேங்கிய எண்ணிக்கையைக் குறைக்க, 2022இல் மத்திய அரசு தேசிய நேத்ர ஜோதி இயக்கத்தைத் தொடங்கியது. 2022-23ஆம் ஆண்டுக்கு 75 லட்சம் அறுவை சிகிச்சைகள் இலக்காக வைக்கப்பட்டு, 83 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டன. அடுத்த ஆண்டுகளுக்கு 90 லட்சம், 105 லட்சம் என இலக்கு உயர்த்தப்பட்டது. ஒரு பொதுச் சுகாதாரத் திட்டம் இலக்கைத் தாண்டுவது பாராட்டுக்குரியது.

எனினும் இந்த எண் சொல்லாத செய்திகள் உள்ளன. 83 லட்சம் அறுவை சிகிச்சைகளில் இரு கண்ணும் தெரியாதிருந்தவர்கள் எத்தனை பேர், ஏற்கெனவே ஓரளவு பார்வையுடன் நகரில் வாழ்ந்தவர்கள் எத்தனை பேர் என்பதை மொத்த எண்ணிக்கை பிரித்துக் காட்டுவதில்லை. சிகிச்சைக்குப் பின் எத்தனை பேர் நன்றாகப் பார்க்கிறார்கள் என்பதும் அதில் தெரிவதில்லை. தொண்டு மருத்துவமனைகளுக்கான அரசு நிதியும் அறுவை சிகிச்சை ஒன்றுக்கு இவ்வளவு என்ற அடிப்படையில் வழங்கப்படுகிறது. இந்த ஏற்பாட்டில், எளிதில் வந்து சேரும் நோயாளியும் மலையடிவாரக் குடிசையில் இருக்கும் நோயாளியும் ஒரே எண்தான். முதலாமவரை அழைத்து வருவது எளிது என்பதால், இரண்டாமவர் மேலும் பின்தங்குகிறார்.

வேகத்தின் ஆபத்தைத் தமிழ்நாடு முன்பே அனுபவித்திருக்கிறது. 2008இல் விழுப்புரம் மாவட்டத்தில் நடந்த இலவச முகாமில் தேர்வு செய்யப்பட்டு, பெரம்பலூரில் அறுவை சிகிச்சை பெற்றவர்களில் 60க்கும் மேற்பட்டோர் பார்வை இழந்தனர். 2021 நவம்பரில் பீகார் மாநிலம் முசாபர்பூரில் நடந்த முகாமுக்குப் பின், தொற்று பரவாமல் தடுக்கப் பலரின் கண்களையே அகற்ற நேர்ந்தது. கூடாரத்திலும் பள்ளிக்கூடத்திலும் அறுவை சிகிச்சை செய்யும் வழக்கம் இன்று தேசியத் திட்டத்தில் அனுமதிக்கப்படுவதில்லை. முகாமில் பரிசோதனை மட்டும், அறுவை சிகிச்சை மருத்துவமனை அரங்கில் மட்டும் என்பதே விதி.

எண்ணிக்கை கூடினால் தரம் குறைந்தே தீரும் என்பதும் சரியன்று. அரவிந்த் குழுமத்தின் 10 மருத்துவமனைகளில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு இதற்குச் சான்று. அறுவை சிகிச்சையின் முடிவில் கண்ணுக்குள் மாக்சிஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைச் செலுத்தும் வழக்கம் வந்தபின், கடுந்தொற்று 0.07 சதவீதத்திலிருந்து 0.02 சதவீதமாகக் குறைந்தது. பத்தாயிரம் பேரில் 7 பேருக்கு வந்த தொற்று 2 பேராகச் சுருங்கியது. ஒவ்வொரு தொற்றையும் பதிவு செய்யும் ஒழுக்கம் இருந்ததால்தான் அந்த வேறுபாட்டைக் காண முடிந்தது.

உலகம் மாற்றிக்கொண்ட அளவுகோல்

உலக அளவிலும் கேள்வி மாறியிருக்கிறது. கண்புரையால் பார்வை பாதிக்கப்பட்டோர் அல்லது பார்வையிழந்தோர் உலகில் 9.4 கோடி பேர் என உலக சுகாதார அமைப்பு மதிப்பிடுகிறது. 2021இல் உலக சுகாதாரப் பேரவை, 2030க்குள் கண்புரை அறுவை சிகிச்சையின் பயனுறு பரவலை 30 சதவீதப் புள்ளிகள் உயர்த்த வேண்டும் என்று இலக்கு வகுத்தது.

பயனுறு பரவல் என்ற சொல்லில்தான் மாற்றம் இருக்கிறது. சிகிச்சை தேவைப்பட்டவர்களில் எத்தனை பேர் சிகிச்சை பெற்று, நல்ல பார்வையையும் பெற்றார்கள் என்பதே அந்தக் கணக்கு. வெறும் அறுவை சிகிச்சை இங்கு வெற்றியாகக் கருதப்படாது. நல்ல பார்வை உள்ளவர் 12 மீட்டரில் படிக்கும் எழுத்தை, சிகிச்சை பெற்றவர் 6 மீட்டரிலாவது படிக்க வேண்டும்.

இந்த அளவுகோலை மாவட்ட அளவில் கைக்கொண்டு, ஆண், பெண் என்றும் மண்டல் வாரியாகவும் பிரித்து ஆண்டுதோறும் வெளியிட்டால், குப்பத்துக்கும் திருப்பதிக்கும் உள்ள இடைவெளி எண்ணாகவே கண்முன் நிற்கும். எந்த மண்டலில் பெண்கள் வரவில்லை, எங்கு சிகிச்சை பெற்றவர்களும் சரியாகப் பார்க்கவில்லை என்பது தெரிந்துவிடும்.

முகாமுக்குப் பின் யார்?

ஆந்திராவில் பரிசோதனை முயற்சிகளுக்குக் குறைவில்லை. 2019 அக்டோபர் 10 அன்று, அப்போதைய முதலமைச்சர் ஒய்.எஸ்.ஜெகன்மோகன் ரெட்டி அனந்தபுரத்தில் ‘கண்டி வெலுகு’ திட்டத்தைத் தொடங்கிவைத்தார். தமிழில் ‘கண்ணொளி’ எனலாம். மாநில மக்கள் 5.40 கோடி பேருக்கும் ரூ.560 கோடி செலவில் கண் பரிசோதனை செய்வதாக அறிவிக்கப்பட்டது. பள்ளிக் குழந்தைகளிடமிருந்து தொடங்கி, பின்னர் முதியவர்களை நோக்கி அது நகர்ந்தது. அண்டை மாநிலமான தெலங்கானா அதே பெயரில் 2018 ஆகஸ்ட் 15 அன்றே ஒரு திட்டத்தைத் தொடங்கியிருந்தது.

இத்தகைய பெருந்திட்டங்கள் அதுவரை கண் மருத்துவரையே பார்த்திராதவர்களைக் கண்டறிகின்றன. அவற்றின் குறை, அவை ஒரு காலத்துக்கு உட்பட்டவை என்பதே. கண்புரை ஆண்டு முழுவதும், ஒவ்வோர் ஆண்டும் புதிதாக உருவாகிறது. இந்த ஆண்டு தெளிவாகப் பார்த்தவருக்கு மூன்று ஆண்டுகளில் புரை விழலாம். ஆட்சியும் திட்டத்தின் பெயரும் மாறினாலும் நிற்காத ஓர் ஏற்பாடு அதற்கு வேண்டும்.

எல்.வி.பிரசாத் நிறுவனமும் அரவிந்த் குழுமமும் கடைப்பிடிக்கும் பார்வை மையங்கள் அத்தகைய ஏற்பாட்டுக்கு ஒரு முன்மாதிரி. ஏறத்தாழ 50,000 மக்களுக்கு ஒரு சிறு மையம். அங்கு பயிற்சி பெற்ற கண் தொழில்நுட்பர் நிரந்தரமாக இருப்பார். கண்ணாடி அங்கேயே கிடைக்கும். புரை இருந்தால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படுவார்கள். சிகிச்சைக்குப் பின் மறுபரிசோதனையும் தம் ஊருக்கு அருகிலேயே முடிந்துவிடும். நோயாளியின் நான்கு பயணங்கள் ஒன்றாகக் குறையும். ஆந்திர கிராமங்களில் ஏற்கெனவே உள்ள ஆஷா பணியாளர்கள், ஆரம்ப சுகாதார நிலையங்களின் கண் மருத்துவ உதவியாளர்கள், கிராமச் செயலகங்கள் ஆகியவற்றை இந்தச் சங்கிலியில் இணைத்தால், ஓய்வூதியம் பெற வரும் முதியவரின் கண்ணையும் அதே நாளில் பார்த்துவிட முடியும்.

வீடு திரும்பிய பின்

அறுவை சிகிச்சைக்கு முன் சர்க்கரை, ரத்த அழுத்தம், கண் அழுத்தம், விழித்திரை ஆகியவை பார்க்கப்பட வேண்டும். கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளந்துதான் செயற்கை லென்ஸின் பவர் முடிவு செய்யப்படுகிறது. அந்த அளவீடு தவறினால், அறுவை சிகிச்சை பிழையின்றி நடந்தாலும் பார்வை மங்கலாகவே இருக்கும். நீரிழிவால் விழித்திரை கெட்டிருந்தால், புரை நீங்கினாலும் முழுப் பார்வை வராது. இதை முன்கூட்டியே நோயாளிக்குச் சொல்லிவிடுவது மருத்துவமனையின் கடமை.

சிகிச்சைக்குப் பின் சொட்டு மருந்தைக் குறித்த நாள்வரை விட வேண்டும். கண்ணைக் கசக்கக் கூடாது. அழுக்கு நீரும் புகையும் படக் கூடாது. கண்ணில் வலி, சிவப்பு கூடுதல், முன்பு தெரிந்த பார்வை மீண்டும் மங்குதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும், மறுபரிசோதனை நாளுக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கண்ணுக்குள் ஏற்படும் தொற்றில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

சில வாரங்கள் கழித்து, தேவைப்பட்டால் கண்ணாடி எழுதித் தரப்படும். கிட்டத்தில் படிக்கப் பெரும்பாலோருக்குக் கண்ணாடி வேண்டியிருக்கும். பலர் இந்தக் கட்டத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். மாதங்களோ ஆண்டுகளோ கழித்து, லென்ஸுக்குப் பின்னால் உள்ள சவ்வு மங்கி, பார்வை குறைவதும் உண்டு. புரை மீண்டும் வளர்ந்துவிட்டது என்று அஞ்சி வீட்டிலேயே இருந்துவிடுபவர்கள் பலர். லேசர் கதிரால் சில நிமிடங்களில் சரிசெய்யக்கூடிய நிலை அது.

கண் மருத்துவமனைகளின் எண்ணிக்கை, அறுவை சிகிச்சைகளின் எண்ணிக்கை ஆகிய இரண்டிலும் இந்தப் பகுதி முன்னேறியிருக்கிறது. தேசிய ஆய்வு காட்டிய அந்த 66.2 சதவீதமும் 7.2 சதவீதமும் இங்கு குறைகின்றனவா என்பதை, இனி துணையில்லாத மூதாட்டிக்கு வாகனம் வருகிறதா, சிகிச்சை பெற்றவருக்குக் கண்ணாடி போய்ச் சேர்கிறதா என்ற சிறு ஏற்பாடுகளே முடிவு செய்யும். 2030 இலக்கு நெருங்கிவரும் நிலையில், சித்தூர், திருப்பதி மாவட்ட நிர்வாகங்கள் அந்தக் கணக்கை மக்கள் முன் வைக்குமா என்பதே எதிர்பார்ப்பாக உள்ளது.